ஐம்பதுக்கு மேல கம்ப்யூட்டர் வேலையா? கேட்டவங்களுக்கு எங்க பதில்

 

திருவிழா வேலை எல்லாம் அம்மன் அருளால நல்லபடியா முடிஞ்சது. உபயக்காரங்க, சமையல்கட்டுல நின்ன தாய்மார்கள், பந்தல் போட்ட இளைஞர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லி ஏற்கெனவே பதிவு போட்டாச்சு. இன்னைக்கு எழுதுறது வேற விஷயம். கொஞ்சம் நீளமா இருக்கும். பொறுமையா படிங்க. வேலை போயிடுமோன்னு பயத்துல இருக்கிறவங்க யாராவது உங்க வீட்டுல இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.

கொஞ்ச நாளா பூசை முடிஞ்சு பிரசாதம் வாங்குற நேரத்துல அண்ணன்மாரும் அக்காமாரும் எங்களைத் தனியா கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேக்குறாங்க. "ஃபேக்டரியில ஆளைக் குறைக்கிறாங்க. எனக்கு 52 ஆச்சு. ஐ.டி. படிச்சா வேலை கிடைக்குமா? நீங்க நாலு பேரும் படிச்சீங்களே, எப்படிப் படிச்சீங்க?" ஒவ்வொருத்தருக்கும் நின்னு பதில் சொல்ல நேரம் போதல. அதனால நாலு பேரும் உக்காந்து பேசி இதை எழுதியிருக்கோம்.

எங்களைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நாங்க நாலு பேருமே நெகிரி செம்பிலான் தோட்டங்கள்ல பொறந்து வளர்ந்தவங்க. படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். ரெண்டு பேர் லைன் சூப்பர்வைசர், ஒரு தம்பி மெயின்டனன்ஸ், ஒரு அக்கா குவாலிட்டி. செனவாங்குலயும் நீலாயிலயும் ஆளுக்கு முப்பது வருஷம் ஃபேக்டரி வாழ்க்கை. நாலு பேரும் ஐம்பதைத் தாண்டியாச்சு. எங்களைக் கம்ப்யூட்டர் புலிகள்னு யாரும் நினைச்சிட வேண்டாம். இன்னும் ரெண்டு விரல்லதான் டைப் அடிக்கிறோம்.

பதிலை முதல்லயே சொல்லிடுறோம். ஐம்பது வயசுல ஐ.டி. பக்கம் போக முடியும். ஆனா முப்பது வருஷ அனுபவத்தை வாசல்லயே கழட்டி வச்சிட்டு, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளோட ஒண்ணா வரிசையில நின்னா இடம் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். தெரிஞ்ச தொழிலைக் கையில பிடிச்சுக்கிட்டே போகணும். அப்புறம், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து எந்த கோர்ஸுக்கும் கட்டக்கூடாது. இந்த ரெண்டையும்தான் கீழே விவரமா சொல்லப் போறோம்.

நடு வயசுல தொழில் மாறுறது நம்ம ஜனங்களுக்குப் புதுசு இல்ல. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ், ஜெராம் பாடாங் பக்கம் இருந்தவங்களுக்கு இது நல்லாத் தெரியும். விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக் களத்துல பேர் கொடுத்துட்டு, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குப் போன ஜனங்க நம்ம ஜனங்க. வெயில் ஏறினா பால் சரியா இறங்காது, அதனால இருட்டோட வேலை. அந்தக் கத்தியைப் பிடிக்கக் கத்துக்கவே மாசக்கணக்காகும். பட்டையை மட்டும் சீவணும், உள்ளே மரத்துல காயம் பட்டுடக்கூடாது. இருபது வருஷம் அப்படிப் பழகின கையைப் பார்த்து ஒருநாள் தோட்டத்துல சொன்னாங்க, ரப்பரை அழிச்சுட்டுச் செம்பனை போடப் போறோம்னு. எங்க அம்மாமார் நாற்பது வயசுக்கு மேல உரம் போடவும், மருந்தடிக்கவும், உதிரிப் பழம் பொறுக்கவும் கத்துக்கிட்டாங்க. அப்பாமார் அரிவாளைக் கம்புல கட்டி உயரத்துல இருக்கிற குலையை வெட்டக் கத்துக்கிட்டாங்க. வெட்டின பழத்தை 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்கு அனுப்பணும், இல்லாட்டி எண்ணெய் தரம் கெட்டுடும்னு கணக்கும் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு யாரும் கோர்ஸ் நடத்தல, சான்றிதழும் கொடுக்கல.

அதுக்கப்புறம் தோட்டமே சுருங்கிப் போச்சு. நாங்க ஃபேக்டரி பஸ் ஏறினோம். தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு சாலிடரிங்கும் மைக்ரோஸ்கோப்பும் என்ன தெரியும்னு கேட்டாங்க. அதையும் கத்துக்கிட்டோம். இப்ப மூணாவது தடவை.

இந்த மாற்றம் நடக்கிற இடம்கூட நமக்கு அந்நியம் இல்லைங்க. இன்னைக்குப் புத்ராஜெயா நிக்கிற மண்ணு ஒரு காலத்துல பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிஞ்சு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921ல தொடங்கினது. பி.பி. என்ற எழுத்தோட வர்ற ரப்பர் இனங்கள் எல்லாம் அந்தத் தோட்டத்துப் பேரைத்தான் தாங்கியிருக்கு. 1996ல அரசாங்கம் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்தைத் தொடங்கினப்ப, அதுக்குப் பக்கத்திலேயே தோட்ட மண்ணுல எழும்பினதுதான் சைபர்ஜெயா. நம்ம ஜனங்க மரம் வெட்டின மண்ணுல இன்னைக்குக் கம்ப்யூட்டர் ஓடுது. சிரம்பான்ல இருந்து காடியில முக்கால் மணி நேரம். ஆனா அந்த முக்கால் மணி நேரத்தைத் தாண்ட நமக்கு எத்தனை வருஷம் ஆகுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

இதுல எங்களை ரொம்ப நாளா உறுத்துற ஒரு விஷயம் இருக்கு. தோட்டத்துல பாலை வெட்டினது நம்ம கை. ஆனா கணக்கு நம்ம கையில இல்ல. பால் ஸ்டோர்ல வாளியை இறக்கினதும் கிராணி மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்ப்பார். பால்ல ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு அது காட்டும். அவர் ஒரு நம்பரை எழுதுவார். அந்த நம்பர்தான் நமக்குச் சம்பளம். அது என்ன நம்பர், எப்படி வந்தது, சரியா தப்பான்னு கேக்குற அளவுக்கு எங்க அம்மாமாருக்கு எழுத்து தெரியாது. செக்ரோல் புத்தகம் யார் கையில இருந்ததோ அவர் சொன்னதுதான் தோட்டத்துல சட்டம்.

ஃபேக்டரிக்கு வந்த பிறகும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்துச்சு. பொருளைச் செஞ்சது நாங்க. எவ்வளவு செஞ்சோம், எவ்வளவு கழிவு, மெஷின் எவ்வளவு நேரம் நின்னதுங்கிற கணக்கு எல்லாம் மேல இருக்கிற ஆபீஸ்ல. எங்களைப் பொறுத்தவரைக்கும் ஐ.டி. கத்துக்கிறதுங்கிறது அந்த செக்ரோல் புத்தகத்தைத் திறந்து நாமே படிக்கிறது. இந்த எண்ணம் வந்த பிறகுதான் படிப்புல எங்களுக்குப் பிடிப்பு வந்துச்சு.

எங்க ஃபேக்டரியில என்ன நடந்துச்சுன்னு சொல்றோம். பேர் வேண்டாம். முன்னெல்லாம் ஒரு லைன்ல இருபது முப்பது பெண்கள் மைக்ரோஸ்கோப் வழியா ஒவ்வொரு பொருளா பார்ப்பாங்க. கேமரா வச்ச மெஷின் வந்துச்சு. அது கண் இமைக்கிற நேரத்துல பார்த்து நல்லது கெட்டதைப் பிரிச்சுடுது. பெண்கள் நாலு பேரானாங்க. அடுத்து பேப்பர்ல எழுதுற ரிப்போர்ட்டை நிறுத்திட்டு, ஒவ்வொரு மெஷின்லயும் ஸ்கிரீன் வச்சாங்க. பார்கோட் ஸ்கேன் பண்ணினாத்தான் அடுத்த வேலை ஓடும். அப்புறம் ஒரு நாள் மீட்டிங் போட்டு, விருப்ப ஓய்வுத் திட்டம் வருது, யோசிச்சுக்குங்கன்னு சொன்னாங்க. அந்த வாரம் எங்க வீடுகள்ல யாருக்கும் சரியான தூக்கமில்ல. பிள்ளைங்க படிப்பு முடியல, வீட்டுக் கடன் முடியல.

அப்பதான் எங்கள்ல மூத்தவர் ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஸ்கிரீன்ல ஓடுற நம்பர் எல்லாம் நம்ம லைன்ல இருந்து போறதுதானே? அதைப் படிக்கத் தெரிஞ்சவன் யாரு இங்க?" யோசிச்சுப் பார்த்தா, படிக்க வந்தவங்க எல்லாம் வெளியில இருந்து வந்த சின்னப் பிள்ளைங்க. கெட்டிக்காரப் பிள்ளைங்க, குறை சொல்ல மாட்டோம். ஆனா மெஷின் பக்கத்துல நின்னதில்ல.

ஒரு உதாரணம். ஃபேக்டரியில ஓ.இ.இ. ன்னு ஒரு கணக்கு உண்டு. மெஷின் ஓடவேண்டிய நேரத்துல எவ்வளவு ஓடுச்சு, ஓடவேண்டிய வேகத்துல எவ்வளவு வேகம், செஞ்சதுல எவ்வளவு நல்ல பொருள், இந்த மூணையும் பெருக்கணும். 12 மணி நேர ஷிஃப்ட்ல ஓய்வு போக 660 நிமிஷம். நிமிஷத்துக்கு 100 பீஸ்னா 66,000 பீஸ் வரணும். மெஷின் 66 நிமிஷம் நின்னுட்டா நேரம் 90 விழுக்காடு. ஓடினப்ப வேகம் 95 விழுக்காடு. நல்ல பொருள் 99 விழுக்காடு. தனித்தனியா பார்த்தா மூணும் நல்ல மார்க் மாதிரித் தெரியும். பெருக்கினா 84.6 விழுக்காடுதான், ஏறக்குறைய 55,900 பீஸ். பத்தாயிரம் பீஸுக்கு மேல காணோம். எங்கே போச்சுன்னு தேடுறதுதான் வேலை.

எங்க லைன்ல ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை ராத்திரியும் ரெண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள்ள சின்னச் சின்னதா மெஷின் நின்னுக்கிட்டே இருந்துச்சு. சென்சார் கோளாறுன்னு நினைச்சு புது சென்சார் ஆர்டர் பண்ண இருந்தாங்க. எங்க மெயின்டனன்ஸ் தம்பி அந்த கிராஃபைப் பார்த்துட்டுச் சொன்னார், "செவ்வாய் ராத்திரிதானே பெரிய கம்ப்ரெஸரை சர்வீஸுக்கு நிறுத்துறோம்? சின்னது ஓடுற நேரத்துல காத்து அழுத்தம் இறங்கிடும், பீஸை உறிஞ்சித் தூக்குற நாசில் தவறவிடும்." போய்ப் பார்த்தா அதேதான். சென்சார் வாங்குற செலவு மிச்சம். கிராஃப் போடக் கத்துக்க தம்பிக்கு மூணு மாசம் ஆச்சு. அந்த கிராஃப்ல என்ன இருக்குன்னு படிக்க அவருக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம் கை கொடுத்துச்சு. இந்த ரெண்டும் சேர்ந்தாதான் விலை.

இதே மாதிரி ஒரு அம்மாவோட கதையைப் படிச்சோம். பேரு டோரத்தி வாகன், 1910ல பொறந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. லாங்லி விமான ஆராய்ச்சி நிலையத்துல கையாலேயே கணக்குப் போடுற பெண்கள் பிரிவு ஒண்ணு இருந்துச்சு. வெள்ளைக்காரங்களைத் தனியா, கறுப்பினத்தவரைத் தனியா உக்கார வச்ச காலம். 1949ல இருந்து அந்தக் கறுப்பினப் பெண்கள் பிரிவுக்கு அவங்கதான் சூப்பர்வைசர். 1958ல அந்த நிலையம் நாசாவோட சேர்ந்தப்ப, தனிப்பிரிவைக் கலைச்சுட்டாங்க. எலக்ட்ரானிக் கம்ப்யூட்டரும் வந்துடுச்சு. ஐம்பது வயசை நெருங்கின அந்த அம்மா ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கத்துக்கிட்டு, கூட வேலை செஞ்சவங்களுக்கும் சொல்லிக்கொடுத்தாங்க. 1971ல ஓய்வு பெறும் வரைக்கும் வேலை செஞ்சாங்க. அவங்க தெரிஞ்ச கணக்கை விட்டுட்டுப் போகல பாருங்க. அதே கணக்கைப் புது மெஷினுக்குள்ள கொண்டு போனாங்க. அதோட, தான் மட்டும் தப்பிக்கல. சூப்பர்வைசர்னா அப்படி இருக்கணும்.

மெயின்டனன்ஸ்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. மெஷினை ஓட்டுற பி.எல்.சி. பெட்டி எல்லாருக்கும் தெரியும். டிக் மோர்லி என்ற அமெரிக்கர் குழு 1968, 69ல கார் ஃபேக்டரிக்காகச் செஞ்சது. அதுக்கு எழுதுற புரோகிராம் ஏணிப்படி மாதிரி படமா இருக்கும். ஏன் தெரியுமா? ரிலே சர்க்யூட் படம் பார்த்துப் பழகின எலக்ட்ரீஷியன்களுக்குப் புரியணும்னுதான் அப்படி வச்சாங்க. ஆக, நம்மளை மாதிரி ஆட்களுக்காகவே கம்ப்யூட்டர் பாதி தூரம் இறங்கி வந்திருக்கு. மீதிப் பாதியை நாம நடக்கணும்.

சரி, நாங்க எங்க பழகினோம்? நம்ம கோயில்லதான். திருவிழா உபய ரசீது, அன்னதான அரிசி, பூ, மேளம், மின்சார பில் எல்லாம் முன்னே அஞ்சு நோட்டுப் புத்தகத்துல இருந்துச்சு. அதை எக்செல்ல ஏத்த ஆரம்பிச்சோம். முதல் மாசம் கூட்டல் போடவே தடுமாறினோம். அக்காதான் பொறுமையா மூணு வருஷ அன்னதானக் கணக்கை ஏத்தினாங்க. எந்த வெள்ளிக்கிழமை எத்தனை பேர் சாப்பிட்டாங்க, பள்ளி விடுமுறையில எவ்வளவு கூடுது, மழை நாள்ல எவ்வளவு குறையுதுன்னு பார்த்தோம். அதுக்கப்புறம் அரிசி மிஞ்சிக் கொட்டுறது ரொம்பக் குறைஞ்சு போச்சு. சங்கப் பதிவகத்துக்கு ஆண்டுக் கூட்டம் முடிஞ்ச 60 நாளுக்குள்ள அனுப்பவேண்டிய ஆண்டறிக்கையும் இப்ப ஆன்லைன்லதான். அதையும் நாங்களே அனுப்புறோம். கோயில் கணக்குல எழுதினது ஒவ்வொரு காசும் பக்தர்கள் காசுங்கிற பயம் இருக்கு பாருங்க, அந்தப் பயம் நல்ல வாத்தியார். ஒரு நம்பரை ரெண்டு தடவை சரிபார்க்கிற பழக்கம் அங்கதான் வந்துச்சு.

எக்செல்ல பிவட் டேபிள் வந்த பிறகு, எஸ்.க்யூ.எல். என்ற மொழிக்குப் போனோம். பெரிய கிடங்குல இருந்து வேணுங்கிற சாமானை மட்டும் எடுத்துத் தான்னு கேக்குற மாதிரிதான் அது. எந்த ஸ்டோர், எந்த அடுக்கு, எந்தத் தேதிக்கு மேல வந்ததுன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்தவங்களுக்கு இது சீக்கிரம் வரும், நம்புங்க.

இப்ப நாலு பேரும் எங்க இருக்கோம்னு மறைக்காம சொல்றோம். ஒரு சூப்பர்வைசர் அதே ஃபேக்டரியில, உற்பத்தி சிஸ்டத்தைப் பார்த்துக்கிற குழுவுக்கு மாறிட்டார். லைனுக்கும் ஐ.டி. பிரிவுக்கும் நடுவுல நிக்கிற ஆள். இன்னொரு சூப்பர்வைசர் சூப்பர்வைசராவே இருக்கார். ஆனா லைன் ரிப்போர்ட்டை அவரே எடுக்கிறார். மெயின்டனன்ஸ் தம்பி விருப்ப ஓய்வு வாங்கிட்டு டேட்டா சென்டருக்குப் போயிட்டார். அங்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் இருக்குன்னாலும், அது சூடாகாம இருக்க சில்லர் ஓடணும், கரண்ட் போனா யு.பி.எஸ்., ஜெனரேட்டர் உடனே பிடிக்கணும், 24 மணி நேரமும் ஷிஃப்ட்ல ஆள் நிக்கணும். இது நம்ம பழகின வேலைதானே! சைபர்ஜெயாவுலயும் ஜொகூர்லயும் இந்த மாதிரி இடங்கள் பெருகிக்கிட்டே வருது. ஆனா ஓ.டி. எல்லாம் சேர்த்துப் பார்த்தா தம்பிக்குப் பழைய சம்பளத்துல மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. ரெண்டு வருஷம் வீட்டுல எல்லாரும் கையைக் கட்டித்தான் செலவு பண்ணாங்க. அக்கா வீட்டுலிருந்தே மூணு சின்னக் கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறாங்க. 2024 ஆகஸ்ட்ல இருந்து மின்விலைப்பட்டியல் முறை படிப்படியா வந்ததால கணக்கு சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்களுக்குக் கிராக்கி இருக்கு. நாலு பேர்ல ஒருத்தர்கூட சினிமாவுல காட்டுற மாதிரி புரோகிராமர் ஆகல. அதுவும் தெரிஞ்சுக்குங்க.

இனி பணம். இதைக் கவனமா படிங்க.

ஆறே மாசத்துல உங்களை டேட்டா சயின்டிஸ்ட் ஆக்குறோம், பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் வெள்ளி கட்டுங்கன்னு விளம்பரம் வருது. எங்களோட வேலை செஞ்ச ஒரு நண்பர் அப்படி ஓர் இடத்துல கட்டினார். வீடியோ பார்க்கச் சொன்னாங்க, ஒரு சான்றிதழ் கொடுத்தாங்க. வேலை வாங்கித் தர்றோம்னு சொன்னது நடக்கல. அந்த இடத்தோட பேர் இங்க தேவையில்ல, ஒரு பேர் போனா இன்னொரு பேர்ல வரும். அவர் கட்டினது சேமநிதிப் பணம். 50 வயசு ஆனா செஜாத்ரா கணக்குல இருக்கிறதை எடுக்கலாம், 55 ஆனா எல்லாத்தையும் எடுக்கலாம். எடுக்கலாம்கிறதால எடுக்கணும்னு இல்ல. 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையில குறைந்தபட்ச ஓய்வு வயசு 60. அதுக்குப் பிறகும் சாப்பிடணுமே! அந்தப் பணம் நம்ம கிழவயசுச் சோறு. அதைத் தொடாதீங்க.

காசு கட்டாம, இல்ல கொஞ்சமா கட்டிப் படிக்க வழி இருக்கு. முதல்ல, இன்னும் வேலையில இருக்கிறவங்க கம்பெனி எச்.ஆர்.ல கேளுங்க. பத்து மலேசியத் தொழிலாளர்களோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிற முதலாளிமார் சம்பளத்துல ஒரு விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுறாங்க. அது நம்ம பயிற்சிக்கான பணம். நம்ம சம்பளத்துல பிடிக்கிறதில்ல. யாரும் கேக்காததால அது பெரும்பாலும் ஆபீஸ் ஆட்களோட பயிற்சிக்கே போயிடுது. எழுத்துல கேளுங்க. எச்.ஆர்.டி. கோர்ப்போட இ-லத்தே தளத்துல இலவசப் பாடங்களும் இருக்கு.

ரெண்டாவது, வேலை போயிட்டா சொக்சோவோட வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கு. 2018 ஜனவரியிலிருந்து நம்ம சம்பளத்துல மாசாமாசம் 0.2 விழுக்காடு பிடிக்கிறாங்களே, முதலாளியும் அதே அளவு போடுறாரே, அதுதான். ஆள்குறைப்பு, விருப்ப ஓய்வுத் திட்டம் ரெண்டுக்கும் கிடைக்கும். வேலை தேடுற காலத்துக்கு உதவித்தொகை, பயிற்சிக் கட்டணம், பயிற்சி அலவன்ஸ் எல்லாம் இருக்கு. ஆனா வேலை போன 60 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். கோவத்துல நீங்களாவே ராஜினாமா கடிதம் கொடுத்துட்டா கிடைக்காது. யாராவது சும்மா ராஜினாமா எழுதிக் கொடுத்துடுன்னு சொன்னா, கையெழுத்துக்கு முன்னாடி சொக்சோ ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேளுங்க.

மூணாவது, நம்ம அனுபவத்துக்கே சான்றிதழ். மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., வகுப்புக்குப் போய்த்தான் வாங்கணும்னு இல்ல. முன் அனுபவ அங்கீகாரம்னு ஒரு வழி இருக்கு, மலாய்ல சுருக்கமா பி.பி.டி. ன்னு சொல்வாங்க. செஞ்ச வேலைக்கு ஆதாரங்களைக் கோப்பாக் கட்டி, மதிப்பீட்டுக்கு உக்காரணும். தம்பி அப்படித்தான் வாங்கினார். பழைய ஒர்க் ஆர்டர், பயிற்சிக் கடிதம், மெஷின் பக்கத்துல எடுத்த படம், சூப்பர்வைசர் கடிதம் எல்லாத்தையும் பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தார். அந்த டின்தான் அவருக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துச்சு. உங்க வீட்டுலயும் அப்படி ஒரு டின் இருக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க.

நாலாவது, ஜெம்போல், ரெம்பாவ், ஜெலுபு பக்கம் இருக்கிறவங்களுக்கு அங்கங்க சமூகக் கல்லூரி இருக்கு, குறுகிய கால வகுப்பு நடத்துறாங்க, கட்டணம் குறைவு. நாடி இணைய மையங்கள்லயும் அடிப்படை வகுப்பு உண்டு. கம்ப்யூட்டரைத் தொடவே பயப்படுறவங்க அங்கிருந்து தொடங்கலாம்.

கஷ்டத்தையும் சொல்லணும். பாடம் எல்லாம் இங்கிலீஷ்ல. முதல் ஆறு மாசம் அகராதியும் பக்கத்துலயே இருக்கணும். கண்ணாடி மாத்த வேண்டி வரும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து புத்தகத்தைத் திறந்தா எழுத்து நீந்தும். நேத்து படிச்சது இன்னைக்கு மறந்துடும். அதனால நாங்க ஒரு நாளைக்கு 40 நிமிஷம்னு வச்சுக்கிட்டோம், வாரத்துக்கு அஞ்சு நாள். மகன் வயசுப் பையன் சொல்லிக்கொடுக்கிறப்ப மனசு கொஞ்சம் சுருங்கும். சாமிமலையில அப்பன் மகன்கிட்ட கை கட்டி வாய் பொத்தி உபதேசம் கேட்ட கதையைக் கோயில்ல வருஷா வருஷம் சொல்றோம். சொல்றதோட நிறுத்தாம நம்ம வாழ்க்கையிலயும் அதைச் செஞ்சு பார்க்க வேண்டியதுதான்.

இன்னும் ஒண்ணு. எல்லாரும் ஐ.டி.க்குப் போகணும்னு நாங்க சொல்லல. நல்லா சமைக்கிறவங்க சமையல் தொழில் பார்க்கலாம், வெல்டிங் தெரிஞ்சவங்க வெல்டிங் பார்க்கலாம். 57 வயசுல மூணு வருஷம் ஓட்டிட்டு ஓய்வு எடுக்கிறேன்னு சொல்றவங்களும் தப்பில்ல. ஆனா எந்தத் தொழில்ல இருந்தாலும் அதோட கணக்கைப் படிக்கக் கத்துக்குங்க. உங்க சம்பளச் சீட்டுல என்ன பிடிக்கிறாங்க, உங்க மெஷின் ஸ்கிரீன்ல என்ன நம்பர் ஓடுது, உங்க சேமநிதி அறிக்கையில எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்குங்க. இனிமேலும் நம்ம நம்பரை இன்னொருத்தர் எழுதி, நாம தலையாட்டுற காலம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல ஒரு மணி நேரம் நாங்க உக்காருறோம். கட்டணம் கிடையாது. லேப்டாப் இல்லாதவங்க கவலைப்பட வேண்டாம், கோயில்ல ரெண்டு இருக்கு. வர்றவங்க மூணு சாமான் கொண்டு வாங்க: போன மாசச் சம்பளச் சீட்டு, பழைய சான்றிதழ் இருக்கிற அந்த பிஸ்கட் டின், ஒரு நோட்டுப் புத்தகம். பிள்ளைங்க யூனிவர்சிட்டியில ஐ.டி. படிக்கிறாங்கன்னா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, எங்களுக்கு வாத்தியார் பத்தல. பெண்கள் தாராளமா வரலாம், அக்கா இருப்பாங்க.

வர்ற ஞாயிறு முதல் பாடம் எக்செல்ல கூட்டல். அதுக்கப்புறம் உப்புமா, காப்பி.

அம்மன் துணை.